காலி வகுப்புக்கு நாற்பத்தேழு மார்க்

எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர்மார் வளரவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவர் செயலர் அச்சன். அதுவரைக்கும் எங்களில் யாருக்கும் அது தெரியாது. வண்டிப்பெரியாரிலிருந்து ஏழு கிலோமீட்டர் மேலே, தேயிலைக்கு நடுவில் இருக்கிற புனித தெக்லா உயர்நிலைப் பள்ளியில் நான் கிளார்க். பெயர் ஏசுரத்தினம், பத்தொன்பது வருஷ சர்வீஸ். டீச்சர்மார் வருவார்கள், பாடம் நடத்துவார்கள், நாலேகால் பஸ்ஸைப் பிடித்துப் போவார்கள். அவர்களை நிற்க வைத்து யாரும் அளந்து பார்த்ததில்லை.

அச்சன் என்றால் பாதிரியார். அவருடைய அலுவலகம் பாலக்காட்டுப் பக்கம், கஞ்சிக்கோட்டில். எங்கள் மேனேஜ்மென்ட்டுக்கு அங்கேயும் இங்கேயுமாக எட்டுப் பள்ளிக்கூடங்கள். எட்டுக்கும் அவர்தான் செயலர். போன ஜூன் மாதம் வந்து எங்களையெல்லாம் சிற்றாலயத்தில் உட்கார வைத்துப் பேசினார். மலையாளத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன். மொழி மாறும்போது அர்த்தம் சிந்திவிடுமோ என்று பயப்பட வேண்டாம், அந்த அளவுக்கு நிரம்பியிருக்கவில்லை.

"உயிர்த்த ஆண்டவர் எம்மாவு ஊருக்குப் போன இரண்டு சீடர்களோடு வழித்துணையாக நடந்தார். வழி முழுக்க அவர்கள் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. இதில்தான் கல்வித்துறைக்குப் பாடம் இருக்கிறது. இனி ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு வழித்துணைவர் உண்டு. அவர் என்ன செய்கிறார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அவருக்கும் தெரிய வேண்டியதில்லை. சேர்ந்து நடக்க வேண்டும். நடந்ததைப் படிவத்தில் எழுத வேண்டும்."

படிவங்கள் மொத்தம் பதினான்கு. கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை வேறு கொடுத்தார்கள். சொல்லிக்கொடுக்கிறவர் அட்டையில் 'வழித்துணைவர்' என்றும், கற்றுக்கொள்கிறவர் அட்டையில் 'வழிப்போக்கர்' என்றும் இருந்தது. எங்கள் டீச்சர்மார் அத்தனை பேரும் வழிப்போக்கர்கள். வழிப்போக்கர் அட்டையோடு பஸ்ஸில் ஏறிய ஒரு டீச்சரிடம் கண்டக்டர், "எங்க போகணும்னே தெரியாதா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று படிவத்தில் இல்லை.

யாருக்கு யார் துணை என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். புதுவருஷத்தன்று அந்த வருஷத்துக்கான பாதுகாவலர் எந்தப் புனிதர் என்று சீட்டு எடுப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். அதே பிஸ்கட் டின்னில்தான் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் ஜின்சி எட்டுப் பள்ளிக்கூடத்து வழித்துணைவர்களின் பெயரையும் எழுதிப் போட்டார். ஜனவரியில் மிஞ்சிய சீட்டுகளைக் கொட்டிவிட்டுப் போட வேண்டும் என்று தோன்றவில்லை. மலையாளம் எடுக்கிற டின்சி டீச்சருக்குப் புனித அந்தோனியார் வந்தார். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருகிறவர்தான், ஆனால் பி.எட். முடித்திருக்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. மாற்றித் தரச் சொன்னதற்கு, ஜெபித்து எடுத்த சீட்டை மாற்றக் கூடாது என்று அச்சன் சொல்லிவிட்டார். வழித்துணைவர் கையெழுத்துக்கு நேரே 'விண்ணகத்தில்' என்று எழுதிக்கொள்ள மட்டும் அனுமதி கிடைத்தது. வருஷ முடிவில் எட்டுப் பள்ளிக்கூடத்திலும் தொந்தரவே இல்லாமல் இருந்தது டின்சி டீச்சர் ஒருத்திதான்.

கத்தரீனாள் டீச்சருக்கு நஞ்சப்பன் என்று வந்தது.

கத்தரீனாள் பத்தாம் வகுப்புத் தமிழ் மீடியத்துக்குக் கணக்கு டீச்சர். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்து, அதே எஸ்டேட் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவள். வேலைக்கு வந்து இரண்டாவது வருஷம். மே மாதத்துக்குள் ப்ரொபேஷன் முடிந்ததாக ஆர்டர் வர வேண்டும், அதற்குப் பதினான்கு படிவமும் நிரம்ப வேண்டும். நஞ்சப்பன் யார் என்று என்னிடம் கேட்டாள். லிஸ்ட்டைப் பார்த்துச் சொன்னேன்: நல்லேப்பிள்ளிப் பள்ளிக்கூடத்தின் டிரில் மாஸ்டர், மலையாள வழக்கில் 'மாஷ்'. அங்கிருந்து இங்கே வர நாலு பஸ், ஒன்பது மணி நேரம். கேரளத்திலிருந்து கிளம்பித் தமிழ்நாட்டைத் தாண்டி மறுபடி கேரளத்துக்குள் வர வேண்டும்.

வாரம் ஒரு போன் என்பது மூன்றாம் படிவம். முதல் போன் ஆபீஸ் நம்பருக்கு வந்தது. நான்தான் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"ஏனுங்க டீச்சர், நல்லா இருக்கறீங்ளா? நானுங்க, உங்க வழித்துணை. எனக்குக் கணக்கு சுட்டுப் போட்டாலும் வராதுங்க. முன்னாலயே சொல்லிர்றது நல்லது பாருங்க."

"பரவால்ல மாஷே. நீங்க கணக்கு பாக்க வேண்டாம். ஒரு நாள் வந்து என் கிளாஸ்ல பின்னால உக்காந்து பாருங்க, போதும். நான் எங்கயோ தப்பு பண்ணுதேன். எங்கன்னு எனக்குப் பிடிபடல."

"அதுக்கென்னுங்க, வந்தர்றேன். உக்கார்றது எனக்கு வருமுங்க."

அவள் சும்மா கேட்கவில்லை. ஓணப் பரீட்சையில் ராமலட்சுமி என்கிற பிள்ளை கணக்கில் எண்பதுக்கு ஒன்பது வாங்கியிருந்தாள். மற்ற எல்லாப் பாடத்திலும் நல்ல மார்க். பேப்பர் கொடுத்த அன்று அவளுடைய அம்மா வேலுத்தாய், கொழுந்து எடுக்கப் போன உடுப்போடேயே, இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்காமல் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள்.

"கணக்குல தேறிட்டான்னா ப்ளஸ் ஒன்னுக்குப் போடலாம்னு இருக்கேன் டீச்சர். தேறலன்னா திருப்பூருக்கு அனுப்பிருவேன். எங்கக்கா மக பனியன் கம்பெனில இடம் பாத்து வச்சிருக்கா. ரெண்டுல ஒண்ணுதான். லயத்துல சும்மா வச்சிக்கிட முடியாது, கேட்டீங்களா."

"தேறிருவா, அக்கா. நான் பாத்துக்கிடுதேன்."

"நீங்க சொன்னாச் சரிதான்."

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு மேல் ராமலட்சுமியோடு உட்கார்வது என்று கத்தரீனாள் முடிவு செய்தாள். முடிவு செய்தது திங்கட்கிழமை. செவ்வாய் நாலு மணிக்கு 'வளர்ச்சி வட்டம்'. புதன் நாலு மணிக்கு 'மௌனப் பகிர்வு', அதில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் பேசாமல் இருக்க வேண்டும். வியாழன், வளர்ச்சி வட்டத்தில் வளர்ந்ததை மதிப்பிடும் கூட்டம். வெள்ளிக்கிழமை டயரி ஒப்படைப்பு.

டயரி என்றால் 'இன்று நான் எதில் வளர்ந்தேன்' என்று தினமும் எட்டு வரி. கத்தரீனாள் ஒரு நாள், 'இன்று கூட்டம் இருந்ததால் வகுப்புக்குப் போக முடியவில்லை' என்று எழுதிவிட்டாள். சிவப்பு மையில் 'நேர்மறையாக எழுதவும்' என்று குறிப்புப் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். 'வகுப்புக்குப் போகாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன்' என்று மாற்றிக் கொடுத்தாள். அதற்கு ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டி வந்தது. அந்த நட்சத்திரத்தைப் பதிவேட்டில் ஏற்றியதும் நான்தான்.

ஒருநாள் அவளே சிஸ்டரிடம் நேரில் போய்க் கேட்டாள்.

"சிஸ்டர், ஒரு பிள்ளைக்கு மட்டும் தனியாச் சொல்லிக் குடுக்கணும். இந்த வாரம் எனக்கு வட்டத்துல இருந்து லீவு வேணும்."

"டீச்சரே, குட்டிகள் எங்கயும் போக மாட்டாங்க. வளர்ச்சி இப்போ நம்மளோடதாக்கும். முதல்ல டீச்சர் வளரட்டும். பின்னே குட்டிகள் தானே வளரும்."

சிஸ்டர் கெட்டவர் இல்லை. மேலே கேட்டால் அவரும் பதில் சொல்ல வேண்டும். அவருக்கும் ஒரு வழித்துணைவர் உண்டு, அந்த வழித்துணைவருக்கும் ஒருவர் உண்டு. கடைசியாக யார் இருக்கிறார் என்று தேடிப் பார்த்தேன், அச்சன் தனக்குத் தானே வழித்துணையாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

நவம்பரில் ஒன்பதாம் படிவம் வந்தது. வகுப்பு நேரடிப் பார்வை. நஞ்சப்பன் மாஷும் செயலர் அச்சனும் நேரில் வருவார்கள். கத்தரீனாளின் முகத்தில் ஆறு மாதத்துக்குப் பிறகு கொஞ்சம் தெளிச்சல் கண்டேன். ராமலட்சுமியைக் கூப்பிட்டு, பயப்படாமல் உட்கார், கேட்டால் தெரிந்ததைச் சொல், தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல் என்று சொல்லி வைத்தாள்.

முந்தின நாள் மத்தியானமே இருவரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு ரெட் அலர்ட். மழை அதிகமாக இருப்பதால் இடுக்கி ஜில்லாவில் எல்லாக் கல்வி நிலையங்களுக்கும் கலெக்டர் லீவு விட்டார்.

மறுநாள் காலையில் நான் குடையும் உடைந்து, நனைந்துபோய் ஆபீஸைத் திறந்தேன். அச்சன் கையில் படிவத்தோடு நின்றிருந்தார்.

"கலெக்டர் பிள்ளைகளுக்குத்தான் லீவு விட்டிருக்கிறார். நாம் பார்க்கப்போவது ஆசிரியரை. அது மட்டுமல்ல, படிவத்தில் தேதி அச்சடித்தாகிவிட்டது. அடுத்த தேதி ஈஸ்டருக்கு அப்புறம்தான் எனக்கு ஒழியும்."

"பிள்ளைங்க இல்லாம எப்படி அச்சா?" என்றாள் கத்தரீனாள்.

"கர்த்தர் பாலைவனத்தில் நாற்பது நாள் இருந்தார். அங்கே எந்த மாணவர் இருந்தார்?"

பத்தாம் வகுப்புக்குப் போனோம். அச்சனும் சிஸ்டரும் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நான் படிவக் கட்டோடு கதவோரம் நின்றேன். நஞ்சப்பன் மாஷ் மட்டும் விறுவிறுவென்று பின்னால் போய், ஜன்னலோரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். டிரில் மாஸ்டர் என்றால் எப்போதும் வரிசையின் கடைசியில் நிற்கிறவர், பழக்கம் விடாது.

கத்தரீனாள் இருபடிச் சமன்பாடு நடத்தினாள். அட, என்ன சொல்ல, நன்றாகவே நடத்தினாள். யாருமில்லாத பெஞ்சுகளைப் பார்த்து, "புரிஞ்சுதா?" என்றாள். அச்சன் குனிந்து மார்க் போட்டார். "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றாள். வெளியே மழை கொட்டியது. மறுபடியும் மார்க் போட்டார். மாணவர் கவனம் பத்துக்குப் பத்து. வகுப்பு ஒழுங்கு பத்துக்குப் பத்து. தவறான விடைகள் ஏதுமில்லை, பத்துக்குப் பத்து. மொத்தம் ஐம்பதுக்கு நாற்பத்தேழு. கேள்வி கேட்டுவிட்டு மாணவர் பதில் சொல்லும்வரை காத்திருக்கவில்லை என்று மூன்று மார்க் குறைத்திருந்தார்.

"இந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து எட்டுப் பள்ளியிலும் இதுதான் அதிக மதிப்பெண்" என்று எழுந்து நின்று கை கொடுத்தார். சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நஞ்சப்பன் மாஷ் எழுந்திருக்கவில்லை. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இங்க யாருங்க உக்கார்றது?"

"ராமலட்சுமி, மாஷே. கிளாஸ்லயே அவதான் ஒசரம். அதான் கடைசில."

"இங்கிருந்து போர்டு தெரியறதே இல்லீங்களே. ஜன்னல் வெளிச்சம் பட்டு வலப்பக்கம் பூராம் வெள்ளையா அடிக்குது. மழ நாள்லயே இப்படின்னா, வெயில் நாள்ல என்னத்தப் பாக்கும் அந்தப் புள்ள?"

கத்தரீனாள் ஓடிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். நானும் போய்ப் பார்த்தேன். பள்ளிக்கூடத்து ஜூபிலிக்காக ஒரு புண்ணியவான் கொடுத்த பச்சைக் கண்ணாடிப் போர்டு அது. திரை விலக்கி, தீர்த்தம் தெளித்து, போட்டோ எடுத்து மாட்டியது. அந்த பெஞ்சிலிருந்து பார்த்தால் அதில் ஜன்னல்தான் தெரிந்தது, கணக்கின் பாதியைக் காணோம்.

மற்ற பாடமெல்லாம் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வது. கணக்கு ஒன்றுதான் போர்டைப் பார்த்து எழுதுவது. ஆறு மாதமாகப் பாதிக் கணக்கைப் பார்த்துவிட்டு மீதியைத் தானே ஊகித்து எழுதியிருக்கிறது அந்தப் பெண். பத்தொன்பது வருஷமாக இந்தக் கட்டடத்தில் இருக்கிறேன், ஒரு தடவைகூட அங்கே போய் நான் உட்கார்ந்ததில்லை.

"ஏன் சொல்லாம இருந்தா?" என்றாள் கத்தரீனாள். யாரிடம் கேட்கிறாள் என்று தெரியவில்லை.

நஞ்சப்பன் மாஷ் படிவத்தை வாங்கி, வழித்துணைவர் கருத்து என்ற இடத்தில், 'கடைசி பெஞ்சில் போர்டு தெரியவில்லை' என்று எழுதினார். அச்சன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். கோபமில்லாத, நல்ல சிரிப்பு.

"மாஷே, இது வளர்ச்சிக் குறிப்பல்ல, மராமத்து. மராமத்துப் படிவம் ஜூன் மாதம் மட்டும்தான் வாங்குவோம். மேலும் போர்டு கொடுத்தவர் நம் குடும்பத்து ஆள். இந்த ஆசிரியர் நாற்பத்தேழு வாங்கியிருக்கிறார். நாற்பத்தேழு வாங்கிய வகுப்பில் போர்டு எப்படித் தெரியாமல் போகும்?"

அந்த வரியை அடித்துவிட்டு, 'மிக நன்று' என்று அவரே எழுதினார். நான் முத்திரை குத்தினேன். மாஷ் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த ஜன்னலில் கட்டிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினார். அடுத்த நாள் சிஸ்டர் அதை அவிழ்த்து, துவைத்து மடித்து, தபாலில் திருப்பி அனுப்பினார்.

கத்தரீனாள் ராமலட்சுமியை முதல் பெஞ்சில் உட்கார வைத்தாள். கிறிஸ்துமஸ் பரீட்சையில் அந்தப் பிள்ளை இருபத்தொன்று வாங்கினாள். தேற இருபத்துநாலு வேண்டும். மூன்று மார்க்தான் பாக்கி என்று அவள் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்ததாகக் கேள்விப்பட்டேன்.

ஆனால் நாற்பத்தேழு மார்க் வாங்கிய டீச்சரைச் சும்மா விடுவார்களா? மற்ற ஏழு பள்ளிக்கூடத்துக்கும் கஞ்சிக்கோட்டுப் பயிற்சி மையத்துக்கும் போய் மாதிரி வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும் என்று ஆர்டர் வந்தது. ஜனவரியில் நான்கு, பிப்ரவரியில் நான்கு. போகாவிட்டால் பன்னிரண்டாம் படிவம் காலி, அது காலியானால் ப்ரொபேஷனும் காலி. ராமலட்சுமிக்கு இப்போது போர்டு தெரிந்தது, போர்டில் எழுதத்தான் ஆள் இல்லை. கணக்குப் பீரியடில் போய் உட்கார வேறு டீச்சர் கிடைக்காமல் இரண்டு தடவை என்னை அனுப்பினார்கள். நான் அட்டெண்டன்ஸ் எடுத்துவிட்டு, சத்தம் போடாதீங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசி மாதிரி வகுப்பு கஞ்சிக்கோட்டில், அச்சனின் பயிற்சி மையத்தில். மூன்று நாள் மாநாடு, பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பத்து நாள் முன்னால். அங்கே நடந்ததைக் கத்தரீனாள் வந்து சொன்னாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து நிஜப் பிள்ளைகளைக் கொண்டுவரலாமா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் வந்தால் மார்க் குறையும் என்று அச்சன் மறுத்துவிட்டார். மேடையில் இருபத்து மூன்று காலி நாற்காலி போட்டிருந்தார்கள். கீழே இருநூறு டீச்சர்மார். அவள் நாற்காலிகளுக்கு இருபடிச் சமன்பாடு சொல்லிக்கொடுத்தாள். முடிந்ததும் ஒருவர் எழுந்து, "கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கோணலாக இருந்ததே, அதை எந்த முறையில் கையாண்டீர்கள்?" என்று கேட்க, எல்லாரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

சிறந்த வழித்துணைவர் என்று நஞ்சப்பன் மாஷுக்குப் பொன்னாடை போர்த்தினார்களாம். அதோடேயே அவர் கத்தரீனாளிடம் வந்திருக்கிறார்.

"அந்தப் புள்ள எப்படிங்க இருக்குது?"

"இருபத்தொண்ணு வரைக்கும் வந்துட்டா மாஷே. மாடல் பரீட்சைல மறுபடி பதினேழுக்கு எறங்கிட்டா. கொஞ்சம் பக்கத்துல உக்காந்தாத் தேறிருவா."

"அப்பறம் இங்க என்னுங்க பண்ணிட்டு இருக்கறீங்க?"

இதைச் சொல்லிவிட்டு என்னிடம் பதிமூன்றாம் படிவத்தைக் கேட்டு வாங்கி, ஆபீஸிலேயே நின்றுகொண்டு நிரப்பினாள். முன்பெல்லாம் ஒரு படிவத்துக்கு அரைநாள் யோசிப்பாள். இப்போது மூன்று நிமிஷம்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. இருபத்து மூன்று பேரில் இருபத்திரண்டு பேர் தேறினார்கள். ராமலட்சுமி கணக்கில் போய்விட்டாள். சிஸ்டர் நடுங்கிக்கொண்டே கஞ்சிக்கோட்டுக்குப் போன் பண்ணினார். அச்சனுக்கு வருத்தமே இல்லை.

"நாற்பத்தேழு மார்க் வாங்கிய வகுப்பில் யாரும் தோற்க முடியாது. எனவே தோற்றது அந்தப் பிள்ளையின் தனிப்பட்ட முயற்சி. அதற்குப் பள்ளி பொறுப்பேற்க முடியாது. கத்தரீனாள் டீச்சரின் ஆர்டரில் இன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன். அவர் எவ்வளவு வளர்ந்திருக்கிறார்!"

ஆர்டர் வந்த அன்றே வேலுத்தாயும் டி.சி. வாங்க வந்தாள். இந்தத் தடவை குளித்து, நல்ல சேலை கட்டியிருந்தாள். கத்தரீனாள் ஆபீஸில் என் மேஜைக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர், நீங்க ஒண்ணும் மனசுல வச்சிக்கிடாதீங்க. நீங்க எம்புட்டோ பாடுபட்டீங்கன்னு அவளே சொன்னா. அவ மண்டையில ஏறல, நீங்க என்ன செய்வீங்க. வெள்ளிக்கிழம பஸ்ஸுக்கு அனுப்புதேன்."

"மண்டையில ஏறாம இல்லக்கா" என்று தொடங்கினாள் கத்தரீனாள். பிறகு, "அடுத்த மாசமே திரும்ப எழுதலாம், சே பரீட்சைன்னு இருக்கு. நான் சொல்லிக் குடுக்கேன்" என்றாள்.

வேலுத்தாயின் முகம் மாறியது. "நெசமாவா? எப்ப டீச்சர்? நாளைக்கு வரச் சொல்லட்டுமா?"

கத்தரீனாள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். புது வழித்துணைவர்களுக்கான பயிற்சி, கஞ்சிக்கோடு, நாளை முதல் சே பரீட்சை முடிகிற வாரம் வரை என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். பயிற்சி கொடுப்பவர் என்று அதற்குக் கீழே இருந்தது அவள் பெயர். வேலுத்தாயும் காலண்டரைப் பார்த்தாள்.

"சரி விடுங்க டீச்சர்" என்றாள்.

டி.சி.யோடு பதினான்காம் படிவத்தையும் நான் நீட்ட வேண்டியிருந்தது. அதுவும் நிரம்பிப் போனால்தான் டீச்சரின் ஆர்டர் செல்லும். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் டி.சி. கொடுக்கக் கூடாது என்பது சட்டம். ஒரே ஒரு கேள்விதான், பக்கத்தில் இரண்டு கட்டம். வேலுத்தாய் எழுத்துக் கூட்டி உரக்கவே படித்தாள்.

"உங்கள் பிள்ளையின் ஆசிரியர் வளர்ச்சி அடைந்திருக்கிறாரா? ஆம். மிகவும்." நிமிர்ந்து பார்த்தாள். "வளந்திருக்கீங்களா டீச்சர்? எதுல போடணும்?"

கேலி இல்லை. தெரியாமல்தான் கேட்டாள். கத்தரீனாள் பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.

"ஆம்னு போடுங்கக்கா."

"இதுல ஒங்களுக்கு ஏதும் நல்லது நடக்குமா?"

"நடக்கும்."

"அப்ப மிகவும்னே போட்டுருதேன்" என்றாள் வேலுத்தாய். கட்டத்துக்குள் அழுத்தி ஒரு கோடு போட்டு, கீழே தன் பெயரை மெதுவாக எழுதி, எழுத்து சரியாக இருக்கிறதா என்று டீச்சரிடம் காட்டினாள்.